மைசூரில் ஓர் இரவு, முதுமலையில் இரண்டு இரவு: நண்பர்களோடு போய்வர முழு வழிகாட்டி

மைசூரிலிருந்து முதுமலை போகும் வழியில், காட்டின் வாசலில் இருக்கும் மேலுகாமனஹள்ளி செக்போஸ்டில் எங்கள் வண்டி நின்றபோது இரவு மணி ஒன்பது பத்து. கேட் இறங்கியிருந்தது. டிரைவர் அண்ணன் இறங்கிப் போய்ப் பேசினார், எங்களில் இருவரும் போய்ப் பேசினோம். காவலர் கோபப்படாமல், காலை ஆறு மணிக்குத்தான் திறப்போம் என்று சொன்னார். காட்டுக்கு அந்தப் பக்கம், முதுமலையின் தெப்பக்காட்டில், முழுப் பணமும் கட்டிய அறைகள் எங்களுக்காகக் காத்திருந்தன. எட்டுப் பேரும் குண்டல்பேட்டைக்கே திரும்பி, ஒரு லாட்ஜில் கிடைத்த இரண்டு அறைகளில் நெருக்கியடித்துப் படுத்தோம்.

அன்று மைசூரில் யாரும் தப்பாக எதுவும் செய்துவிடவில்லை. இன்னும் ஒரு கடை, இன்னும் ஒரு காபி, அவ்வளவுதான். நகரத்தில் அரை மணி தாமதமானால் அரை மணியோடு போகும். காட்டில் அதே அரை மணி ஓர் இரவையே விழுங்கிவிடும். அதன் பிறகு இதே பாதையில் நண்பர்களோடு நான்கு முறை போய்வந்திருக்கிறேன். நகரத்து நாளை இளக்கமாக விடுவது, காட்டு நாளை இறுக்கிக் கட்டுவது, நடுவிலுள்ள சாலையைச் சாதாரணமாக எண்ணாமல் இருப்பது ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டதால் ஒரு முறைகூட பிரச்சினை வரவில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் ஆறேழு பேரை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்களுக்கு ரயில் மட்டும்தான் மாறும்.

முதல் படி: கிழமையை முடிவு செய்யுங்கள், தேதி தானாக வரும்

நண்பர்கள் கூடினால் வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் திட்டம்தான் முதலில் வரும். இந்தப் பயணத்துக்கு அது சரிப்படாது. சனி, ஞாயிறில் முதுமலையை ஒட்டிய மசினகுடியில் வண்டிகள் வரிசை கட்டும், சஃபாரி டிக்கெட் கிடைக்காது, விடுதி வாடகையும் ஏறிவிடும்.

நான் சொல்லும் கணக்கு இது. சனிக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறுங்கள். ஞாயிறு முழுக்க மைசூரு. திங்கள் மதியம் காட்டுக்குள். திங்கள், செவ்வாய் இரண்டு இரவும் முதுமலை. புதன் மாலைக்குள் மைசூருக்குத் திரும்பி இரவு ரயில், வியாழன் காலை வீடு. மூன்று நாள் விடுப்பு போதும், வியாழனன்று கொஞ்சம் தாமதமாக அலுவலகம் போக முடிந்தால்.

ஞாயிறு மைசூரில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலை ஏழு மணி அளவில் கிட்டத்தட்ட 1 லட்சம் பல்புகளை ஏற்றுவார்கள். ஆளில்லாத காட்டைப் பார்க்க வார நாள் வேண்டும், விளக்கு ஏற்றிய அரண்மனையைப் பார்க்க ஞாயிறு வேண்டும். இரண்டும் பொருந்துவது இந்த வரிசையில்தான்.

மாதம் எது என்பதில் இரண்டு யோசனை உண்டு. விலங்குகளை நிறையப் பார்க்க வேண்டும் என்றால் டிசம்பர், ஜனவரி. இலை உதிரத் தொடங்கியிருக்கும், பார்வை தூரம் போகும், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வரும். பிப்ரவரிக்குப் பிறகு காடு காய்ந்து தீ பிடிக்கும் காலம். அப்போது காட்டைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடும் ஆண்டுகளும் உண்டு. பச்சையைப் பார்க்க ஆசை என்றால் ஜூலை. அந்த மாதம் குண்டல்பேட்டை சாலையின் இருபுறமும் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டினாலும், மலையின் மறைவில் இருக்கும் மசினகுடியில் அவ்வளவு அடிக்காது. தசரா நாட்களில் மட்டும் வேண்டாம். அது தனியாக வந்து பார்க்க வேண்டிய விழா, இதோடு சேர்த்தால் மைசூரை விட்டு வெளியே வரவே ஒரு நாள் போய்விடும்.

இரண்டாம் படி: ஆட்களும் வேலைப் பங்கீடும்

ஆறு முதல் எட்டுப் பேர் நல்ல எண்ணிக்கை. பத்தைத் தாண்டினால் சாப்பிட உட்காரவே ஒவ்வொரு இடத்திலும் அரை மணி போகும்.

வாட்ஸ்அப் குரூப் தொடங்கிய அன்றே மூன்று பேருக்கு மூன்று வேலை கொடுத்துவிடுங்கள். ஒருவர் பணம். ஒருவர் டிக்கெட், அறை, அடையாள அட்டை. ஒருவர் மருந்துப் பையும் நேரமும். நேரத்தைப் பார்த்துக்கொள்பவர் குழுவிலேயே எல்லோரும் மறுபேச்சில்லாமல் கேட்கும் ஆளாக இருக்கட்டும். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், முடிவு அந்தந்த ஆளுடையது. எட்டுப் பேரும் எல்லாவற்றையும் சேர்ந்து முடிவு செய்யும் குரூப்பில் நானூறு மெசேஜ் ஓடியும் ஒரு டிக்கெட்கூடப் போடாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: குடி. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு பாட்டிலைக் கொண்டுபோனால் செக்போஸ்டில் சிக்கல். காட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. சாலையோரம் வீசிய பாட்டில் உடைந்தால் அந்தக் கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறுகிறது. மூன்று டன், நான்கு டன் எடை அந்தப் பாதத்தில்தான் நிற்கிறது. புண் ஆறாமல் புரையோடினால் அந்த விலங்கு படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். குடிக்கத்தான் பயணம் என்று நினைக்கும் நண்பர் இருந்தால், அவரோடு வேறு ஊருக்கு வேறு நாள் போகலாம்.

மூன்றாம் படி: பதிவுகள், எது முதலில்

வரிசை முக்கியம். காட்டு அறை கிடைத்த பிறகுதான் ரயில். பலரும் ரயில் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு அறை கிடைக்காமல் தவிப்பார்கள். மைசூரில் அறைக்குப் பஞ்சமே கிடையாது, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதுமலையில் தங்க இரண்டு வழி. ஒன்று, தெப்பக்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் வனத்துறை நடத்தும் ஓய்வு இல்லங்கள், டார்மிட்டரிகள். புலிகள் காப்பகத்தின் சொந்த இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். அறை எளிமையாக இருக்கும், டிவி இருக்காது, சாப்பாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் அந்தி சாயும்போது வாசலில் உட்கார்ந்தால் எதிர்ப் புல்வெளிக்குப் புள்ளிமான்கள் தாமாக வந்து மேயும். என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான்.

இரண்டாவது வழி, மசினகுடி, பொக்காபுரம் பக்கத்துத் தனியார் விடுதிகள். இங்கே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி, யானைகள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் வலசைப் பாதை. அந்தப் பாதையை மறித்து நின்ற விடுதிகளை அகற்றச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021 ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள், அது காயத்தால் இறந்தது. நாம் கொடுக்கும் வாடகை எங்கே போகிறது என்று பார்க்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

நான் செய்யும் சோதனை எளிது. போன் செய்து, "நைட் சஃபாரி இருக்கா அண்ணா? கேம்ப்ஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் ஏற்பாடு பண்ணுவீங்களா?" என்று கேட்பேன். "எல்லாம் பண்ணித் தரோம் சார்" என்றால் அங்கே தங்க மாட்டேன். இரவில் வண்டியில் காட்டுக்குள் கூட்டிப்போவது சட்டவிரோதம். மாட்டினால் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும் நமக்கும் அபராதம் வரும். "அதெல்லாம் இல்லைங்க, ஆறு மணிக்கு மேல வெளியே விடமாட்டோம்" என்று சொல்லும் இடம்தான் நல்ல இடம்.

அறை உறுதியானதும் ரயில். முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும், எட்டுப் பேர் என்றால் இரண்டு டிக்கெட். இரண்டு போனில் ஒரே நேரத்தில் இருவர் உட்கார்ந்து போடுங்கள். சென்னையிலிருந்து இரவு கிளம்பும் காவேரி எக்ஸ்பிரஸ் காலையில் மைசூரில் இறக்கிவிடும், ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சம்.

அடுத்தது வண்டி. எட்டுப் பேருக்கும் மூட்டை முடிச்சுக்கும் 12 சீட் டெம்போ டிராவலர் தாராளம். மைசூரிலேயே அமர்த்துங்கள். மஞ்சள் போர்டு வண்டியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு பெர்மிட், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கிவையுங்கள். டிரைவர் இரண்டு இரவு எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார் என்பதையும் நீங்களே கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். காட்டுச் சாலையில் எட்டு உயிர் அவர் கையில் இருக்கிறது. அவர் ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும்.

கடைசியாக இ-பாஸ். முதுமலை நீலகிரி மாவட்டத்துக்குள் வருகிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். ஊட்டிக்குப் போகாவிட்டாலும் வேண்டும். இலவசம்தான், வண்டி எண்ணும் தேதியும் கொடுத்தால் போனிலேயே வந்துவிடும். கோடைக் கூட்டத்தில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 என்று இருந்தது. வண்டி எண் கைக்கு வந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள்.

நான்காம் படி: பணம்

ஆளுக்கு ஒரே தொகை, பயணத்துக்கு ஒரு மாதம் முன்னால், பணம் பார்க்கும் நண்பரின் கணக்குக்கு. அறை, வண்டி, சஃபாரி, ரயில் நான்கும் அதிலிருந்து. பணம் கட்டியவர் மட்டுமே வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் யாராவது வர முடியாமல் போனால் ரத்து செய்து திரும்ப வரும் பணம் மட்டும் அவருக்கு, மீதி குழுவுக்கு. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

வழிச் செலவுக்குத் தனியாக ஒரு பொதுப் பை. ஆளுக்கு 1500 ரூபாய் ரொக்கமாகப் போட்டு ஒரு சின்ன பையில் வையுங்கள். டீ, இளநீர், பார்க்கிங், டிப்ஸ் எல்லாம் அதிலிருந்தே. காட்டுப் பக்கம் சிக்னல் போனால் ஜிபேயும் போய்விடும், ஏடிஎம்மும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. யார் எவ்வளவு போட்டார், யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வராமல் இருப்பதே பெரிய நிம்மதி. சம்பளம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது. குறைவாகச் சம்பாதிக்கும் நண்பருக்கு எது வசதியோ அதை அளவாக வைத்து அறையைத் தேர்ந்தெடுங்கள், கூச்சப்பட்டு அவர் வராமல் போய்விடக் கூடாது.

ஐந்தாம் படி: ஞாயிறு, மைசூரு

இந்த ஒரு நாள் எட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டே அலைய வேண்டியதில்லை. காலையில் ஸ்டேஷனிலிருந்து விடுதிக்குப் போய், குளித்து, டிபன் முடித்ததும் பிரிந்துவிடுங்கள்.

ஏறிப் பழகியவர்கள் சாமுண்டி மலைக்குப் படி வழியாகப் போகலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், நடுவழியில் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. ஓவியம் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஜகன்மோகன் அரண்மனைக்கு. குழந்தைபோல விலங்குகளைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் 1892-ல் தொடங்கிய மிருகக்காட்சி சாலைக்கு (செவ்வாய் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்). ஒன்றுமே வேண்டாம், தூங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் தூங்கட்டும். அடுத்த இரண்டு நாள் ஒரே ஜீப், ஒரே மேசை, ஒரே தாழ்வாரம் என்று இருக்கப் போகிறோம். இன்று கிடைக்கும் தனிமை அன்றைக்கு உதவும்.

மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் அரண்மனையில் கூடுங்கள். பழைய மர அரண்மனை 1897-ல் ஒரு அரச குடும்பத் திருமணத்தின்போது எரிந்துபோனது. ஹென்றி இர்வின் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இப்போதைய அரண்மனை 1912-ல் முடிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தர்பார் மண்டபத்தின் தூண்களையும், கல்யாண மண்டபத்தின் வண்ணக் கண்ணாடி மயில்களையும் அவசரமில்லாமல் பாருங்கள். ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள்.

பிறகு வெளியே வந்து ஒரு காபி. ஆறரைக்கு மறுபடி வளாகத்துக்குள். அரண்மனைக்குப் பல வாசல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். "கேட்கிட்ட நில்லு" என்று சொன்னால் ஆளுக்கொரு கேட்டில் நிற்பார்கள், அந்தக் கூட்டத்தில் போனும் எடுக்காது. ஜெயமார்த்தாண்டா என்றால் ஜெயமார்த்தாண்டா என்று பெயர் சொல்லிப் பிரியுங்கள்.

ஏழு மணிக்கு நடப்பதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வானம் கருநீலமாக மாறும் வரை அரண்மனை சாம்பல் நிறத்தில் வெறும் கட்டடமாக நிற்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கோபுரம், வளைவு, சுற்றுச்சுவர் எல்லாம் ஒரே நொடியில் பொன் நிறமாகும். கூட்டத்திலிருந்து ஒரு "ஆ" எழும்பும். பக்கத்தில் நின்ற என் நண்பன், எதற்கும் அசராதவன், போனை எடுக்க மறந்து அப்படியே நின்றான். இந்த வெளிச்சத்தை நன்றாகக் கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு தெப்பக்காட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது நினைவுக்கு வரும், இரண்டும் ஒன்றையொன்று பெரிதாக்கும்.

ஆறாம் படி: திங்கள், சாலை

காலை ஏழு மணிக்கு தேவராஜா மார்க்கெட். மைசூர் மல்லிகையை முழம் போடுவதையும், குங்குமத்தைக் கூம்பாகக் குவித்து வைத்திருப்பதையும் பார்த்துவிட்டு, இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்புங்கள். பழத்தை வண்டியிலேயே, காட்டு எல்லைக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். குரங்குக்குப் பழம் கொடுத்துப் பழக்குவதால்தான் அது சாலைக்கு வந்து டயரில் சிக்குகிறது. பத்து மணிக்கு வண்டி கிளம்பியே ஆக வேண்டும். நேரம் பார்க்கும் நண்பருக்கு இதுதான் முதல் பரீட்சை.

தெப்பக்காடு 95 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். முதலில் நஞ்சன்கூடு. கபிலா ஆற்றங்கரை ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலில் ஒரு மரகத லிங்கம் உண்டு. திப்பு சுல்தானின் யானைக்குப் போன கண் பார்வை இந்தச் சாமியால் திரும்பியது, அதற்கு நன்றியாக அவர் கொடுத்தது அது என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அடுத்து குண்டல்பேட்டை. மதியச் சாப்பாடு, கழிவறை, டீசல், ரொக்கம் எல்லாவற்றையும் இங்கே முடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் இங்கேயே கழித்துவிடுங்கள், நீலகிரி எல்லையில் பிடுங்கிக்கொள்வார்கள். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் கையில் இருக்கட்டும்.

மேலுகாமனஹள்ளியைத் தாண்டினால் பந்திப்பூர். இந்தியாவில் புலிகள் திட்டம் தொடங்கிய 1973-ல் முதலில் சேர்த்த ஒன்பது காடுகளில் ஒன்று. இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை இந்தச் சாலையை மூடும் வழக்கம் 2009-ல் வந்தது. அதற்கு முன்னால் இரவில் வண்டி மோதிச் செத்த மான்களும் சிறுத்தைகளும் ஏராளம். அன்று அந்த கேட்டில் மாட்டிக்கொண்டு நொந்தபோதும், கேட் அங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காட்டுக்குள் நுழையும் முன் வண்டியில் பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிடுங்கள். எங்கேயும் இறங்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது, யானையே நின்றாலும் செல்ஃபிக்கு இறங்கக் கூடாது. யானை சாலையை மறித்தால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட்டை அடித்துக் காட்டாமல் காத்திருக்க வேண்டும். காதை விரித்து, வாலை விறைத்து, தும்பிக்கையை உள்ளே சுருட்டினால் அது கோபத்தில் இருக்கிறது. மெதுவாகப் பின்வாங்க டிரைவருக்குத் தெரியும், யாரும் கத்தாமல் இருந்தால் போதும். கக்கநல்லா செக்போஸ்டில் இ-பாஸைக் காட்டினால் தமிழ்நாடு. இரண்டு மணி வாக்கில் அறைக்குப் போய்விடலாம்.

ஏழாம் படி: முதுமலையில் இரண்டு இரவு

சரணாலயமாக 1940-ல் அறிவித்த காடு இது, 2007-ல் புலிகள் காப்பகமானது. வெளிமண்டலத்தையும் சேர்த்து 688 சதுர கிலோமீட்டர். பந்திப்பூரும் வயநாடும் இதோடு ஒட்டியே கிடப்பதால், அவற்றை அடுத்து நாகரஹொளேயும் தொடர்வதால், விலங்குகளுக்கு மாநில எல்லை தெரியாது. புலியைப் பார்க்கவே வந்தோம் என்று நினைத்து வந்தால் ஏமாற்றம் வரலாம். யானை, காட்டெருமை, புள்ளிமான், கடமான், மந்தி, மயில், மலை அணில் என்று வந்தால் கண் நிறையும்.

திங்கள் மாலை எதையும் திட்டமிடாதீர்கள், யானை முகாம் ஒன்றைத் தவிர. தெப்பக்காடு முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். எந்த யானைக்கு என்ன, எவ்வளவு என்று சுவரில் ஒரு பலகை. கேழ்வரகு, கொள்ளு, அரிசி, வெல்லம், உப்பு. பாகன் வேகவைத்த கேழ்வரகைச் செங்கல் அளவுக் கட்டியாக வெட்டி, இரண்டு கையாலும் அழுத்தி உருட்டி, யானையின் வாய்க்குள்ளேயே முழங்கை வரை விட்டு வைப்பார். யானை வாயைத் திறந்தபடி பொறுமையாகக் காத்திருக்கும். நாங்கள் பார்த்தபோது ஒரு பெண் யானை வெல்லம் இல்லாத உருண்டையைத் துப்பிவிட்டது. பாகன் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே அதை எடுத்து, வெல்லம் வைத்து மடித்து, மறுபடி கொடுத்தார். எட்டுப் பேரில் ஒருவர்கூட பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை இரண்டு சஃபாரி, காலையில் முதல் வண்டி, மாலையில் கடைசி வண்டி. வனத்துறை வண்டியில் மட்டும் போங்கள். உடை மண் நிறத்திலோ பச்சையிலோ இருக்கட்டும், சென்ட் வேண்டாம், காலையில் குளிர் இருக்கும் என்பதால் ஸ்வெட்டர் வேண்டும். வண்டியில் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. மந்தி மரத்திலிருந்து விட்டு விட்டு இருமுவதுபோல் கத்தினாலோ, புள்ளிமான் கூர்மையாக ஒற்றைக் குரல் கொடுத்தாலோ பக்கத்தில் சிறுத்தையோ புலியோ செந்நாயோ நகர்கிறது என்று பொருள். டிரைவர் எஞ்சினை அணைப்பார். அப்போது எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே இவ்வளவு தூரம் வரலாம், ஒன்றும் வெளியே வராவிட்டாலும்.

சாலையோரம் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்து பூத்திருக்கும் புதரை அழகு என்று சொல்வோம். அது உன்னிச்செடி, வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. மான் தின்னும் புல்லை முளைக்கவிடாமல் மூடிவிடுகிறது. காட்டுக்கு இப்போதுள்ள பெரிய தொல்லைகளில் ஒன்று.

நடுவில் கிடைக்கும் மதியம் தூங்க, சீட்டாட, பேச. புல்லில் கால் நீட்டி உட்கார வேண்டாம், உண்ணி ஏறும். ராத்திரி ஆடையை உதறிப் பார்த்துவிட்டுப் படுங்கள். ஆறு மணிக்கு மேல் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது, அடுத்த அறைக்குப் போவதானாலும் டார்ச் அடித்துக்கொண்டுதான். காட்டுப்பன்றியும் காட்டெருமையும் தாழ்வாரம் வரை வரும். மருந்துப் பையில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அலர்ஜி மாத்திரைகள், ஓஆர்எஸ், கட்டுத்துணி இருக்கட்டும். பெரிதாக ஏதாவது என்றால் 18 கிலோமீட்டரில் கூடலூர் அரசு மருத்துவமனை.

இரண்டாம் இரவுதான் பயணத்தின் நடுநாயகம். சிக்னல் இல்லை, டிவி இல்லை, போகவும் இடமில்லை. முதல் இரவு எல்லோரும் போனை நோண்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் இரவு போன் அறையிலேயே கிடக்கும். கல்லூரி முடித்து பத்து ஆண்டாகியும் தன் அப்பா போனதைப் பற்றி எங்களிடம் வாய் திறக்காத ஒருவன், அந்தத் தாழ்வாரத்தில், கீழே மாயாறு ஓடும் சத்தத்தில், அரை மணி நேரம் பேசினான். ஓர் இரவு போதும், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் அதனால்தான் நான் சம்மதிப்பதில்லை.

எட்டாம் படி: புதன், திரும்புதல்

காலையில் அவசரம் வேண்டாம். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்து, வந்த வழியே மைசூருக்குத் திரும்பினால் மாலை நான்கு மணிக்குள் போய்விடலாம், இரவு காவேரி எக்ஸ்பிரஸுக்கு நேரம் தாராளம். காட்டுச் சாலையைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுவோம் என்பது இதன் பெரிய வசதி.

ஊட்டி வழியாக இறங்கி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கும் யோசனையும் உண்டு. மழை இல்லாத மாதத்தில் அதுவும் அழகான வழி. வண்டி மைசூருக்குக் காலியாகத் திரும்புவதற்கும் சேர்த்து வாடகை தர வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் போனால் கூடலூர் வழியாகவே ஏறுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும், 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டி சாலை செங்குத்தான பாதை, பழகாத டிரைவரோடு அதில் போக வேண்டாம்.

அறையை விட்டுக் கிளம்பும்போது கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள், சார்ஜர் அங்கேதான் கிடக்கும். நம் குப்பை முழுவதையும் ஒரு பையில் கட்டி வண்டியில் ஏற்றி மைசூருக்கே கொண்டுவந்துவிடுங்கள். பொதுப் பையில் மிஞ்சிய பணத்தை ரயிலில் எண்ணிப் பிரித்துவிடலாம். எங்கள் கடைசிப் பயணத்தில் 860 ரூபாய் மிஞ்சியது. பிரிக்க வேண்டாம், அடுத்த தடவைக்கு அட்வான்ஸாக இருக்கட்டும் என்று மேல் பெர்த்தில் இருந்து ஒருவன் குரல் கொடுத்தான். அது இன்னும் அதே பையில்தான் இருக்கிறது.